ஷாரிங்கறது சோறு இல்லங்க, சரீரம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பரோட இணைப்புல ஜப்பான் சாப்பாடு பத்தி ஒரு முழுப் பக்கம் வந்திருந்துச்சு. சுஷிய எப்படி புடிக்கிறாங்க, என்ன மீனு வைக்கிறாங்க, நம்ம ஊர்ல எவ்ளோ வெலைக்கு விக்கிதுன்னு எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல கட்டம் கட்டி ஒரு பெட்டிச் செய்தி, சுஷிக்கு அடியில வைக்கிற சோத்துக்கு ஜப்பான்காரங்க 'ஷாரி'ன்னு சொல்றாங்களாம், அது நம்ம தமிழ் 'சோறு'தானாம், கப்பல்ல போன தமிழன் சொல்லிச் சொல்லி சோறு ஷாரி ஆயிடுச்சாம். படிச்சதுலேந்து மனசு கேக்கலங்க. சாயங்காலத்துக்குள்ள எங்க ஊரு வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் அந்தப் பெட்டிய மட்டும் போட்டோ புடிச்சு சுத்த விட்டுட்டாங்க, கீழ கைதட்டற பொம்மை வேற. ஸ்கூல் புள்ளைங்க இத நோட்டுல எழுதி வச்சுக்கும், நாளைக்கு யாராவது வெளியூர்க்காரன் கேட்டு சிரிச்சான்னா அந்தப் புள்ளைங்களுக்குத்தான் அசிங்கம். அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் நீடாமங்கலம் பக்கம். சிங்கப்பூர்ல ஒரு ஜப்பான் ரெஸ்டாரண்ட் கிச்சன்ல பல வருஷம் வேலை பாத்துட்டு இப்ப ஊர்ல வயல பாத்துக்கிட்டு இருக்கேன். அதனால ஷாரிங்கற வார்த்தைய நான் புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல, கையில புடிச்சுப் பழகுனவன். குண்டு அரிசியக் கழுவி ஊற வச்சு, கஞ்சி வடிக்காம வேக வச்சு, ஹங்கிரின்னு ஒரு அகலமான மரத்தொட்டியில கொட்டி, வினிகர்ல சக்கரையும் உப்பும் கரைச்சு ஊத்தி, சோறு கொழயாம கரண்டிய வாட்டமா புடிச்சு வெட்டி வெட்டிக் கெளறி, விசிறியால விசிறி ஆத்தணும். இந்தப் பக்குவத்துக்கு வந்த பெறகுதான் அது ஷாரி. சும்மா குக்கர்ல வெந்து கெடக்கற சோத்த அங்க யாரும் ஷாரின்னு சொல்ல மாட்டாங்க.

அவங்களும் நம்மள மாதிரி நெல்ல நம்பிப் பொழைச்ச ஜனம், அதனால நெலைக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க. வயல்ல நிக்கிறப்ப இனெ, உமியோட இருந்தா மொமி, குத்துனா கொமெ, வெந்தா கோஹான், ஆம்பளைங்க பேச்சு வழக்குல மெஷி. நாம பயிரு, நெல்லு, அரிசி, சோறுன்னு பிரிக்கிறோம்ல, அதே கணக்கு. அப்ப சோத்துக்கு அவங்க வாயில ஏற்கெனவே பேரு இருக்குங்க. ஷாரிங்கறது அதுக்கு மேல சுஷிக் கடைக்காரங்க புழங்குன தொழில் பாஷை. டீக்கு அகரி, சோயா சாஸுக்கு முராசாகின்னு கடைக்குள்ள தனிப் பேரு சொல்ற மாதிரி இதுவும் ஒண்ணு, பெறகு சாப்புட வர்றவங்களும் புடிச்சுக்கிட்டாங்க.

சரி, அது எங்கேந்து வந்துச்சு. ஜப்பான்ல அத எழுதறப்ப ரெண்டு சீன எழுத்து போட்டு எழுதுவாங்க, மொத எழுத்து 'ஷா', ரெண்டாவது 'ரி'. அதே ரெண்டு எழுத்தத்தான் புத்தரோட அஸ்திக்கும் எழுதறாங்க. கோயிலுக்குள்ள போனா ஷாரின்னா புத்தர் எலும்பு, சுஷிக் கடைக்குள்ள போனா ஷாரின்னா சோறு. அஸ்திய வச்சிருக்கற மண்டபத்துக்கு ஷாரிதென்னு பேரு, கமகுரா ஊர்ல எங்ககுஜி கோயில்ல இருக்கறது ரொம்பப் பேரு போனது. அந்த 'ஷாரி'யோட மூலம் என்னன்னா நம்ம 'சரீரம்'. எங்க அப்பத்தா காலத்துல கடுதாசி எழுதுனா 'சரீர சௌக்கியத்துக்கு எழுதவும்'னு முடிப்பாங்களே, அதே சரீரம். சமஸ்கிருதத்துலயும் பாலியிலயும் உடம்புன்னு அர்த்தம். வீட்டுல உசுரோட நடமாடற உடம்பச் சொல்ற வார்த்தை, பௌத்தத்துல எரிச்ச பெறகு மிஞ்சுற எலும்பச் சொல்ற வார்த்தையா ஆச்சு. திருவையாறு பக்கம் பாட்டுக்காரங்களப் பத்தி 'நல்ல சாரீரம்'னு சொல்றாங்கள்ல, அதுவும் இதே வேர்லேந்து வந்த பேருதான், உடம்பு சம்பந்தப்பட்டதுன்னு அர்த்தம், நாம அத கொரலுக்கு வச்சுக்கிட்டோம். ஒரே வேரு ஊருக்கு ஊரு எங்கெங்கயோ போய் நிக்கிதுங்க.

எலும்பு எப்படி உள்ள வந்துச்சுன்னா, புத்தர் குசிநகரத்துல காலமாகி அந்த ஊர ஆண்ட மல்லர்கள் தகனம் பண்ண பெறகு மிஞ்சுன அஸ்திக்கு ஆளாளுக்கு உரிமை கொண்டாடிக்கிட்டு சண்டைக்கு வந்து நின்னாங்க. துரோணன்னு ஒரு பிராமணன் நடுவுல பூந்து எட்டுப் பங்கு வச்சுக் குடுத்தான், அளந்த பானைய அவன் வாங்கிக்கிட்டான், லேட்டா வந்த மோரியர்ங்கற கூட்டத்துக்கு கரி மட்டும் கெடச்சுச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்தூபம். பாலி நூல்ல இந்தக் கதை வர்ற எடத்துல எலும்பக் குறிக்கற வார்த்தையே 'சரீரம்'தான். நம்ம பக்கம் மறுநா காலையில காடாத்துக்குப் போயி பால் தெளிச்சு எலும்பு பொறுக்கி சட்டியில போட்டு காவேரியில கரைச்சுடறோம், அவங்க அதக் கரைக்காம மேடு கட்டிக் கும்புட்டாங்க. அந்த ஒரு வித்தியாசத்துலேந்துதான் இவ்ளோ பெரிய கதை கெளம்புது.

சீனாவுக்கு இந்தப் பேரு போனப்ப அவங்களுக்கு ரெண்டு சிக்கல். ஒண்ணு, அந்தக் காலத்து சீன பாஷையில 'ர' சத்தம் கெடையாது, அதனால வெளிநாட்டுப் பேர்ல 'ர' வந்தா 'ல' எழுத்தப் போட்டு ஒப்பேத்துவாங்க. அப்படி சரீரம் ஷெலி ஆச்சு. இப்ப மாண்டரின்ல ஷெலின்னு சொன்னாலும் அந்தக் காலத்து உச்சரிப்புல மொத எழுத்து 'ஷியா' மாதிரி இருந்துச்சு, அதாவது 'ஷியாலி', கேட்டா சரீ கொஞ்சம் தெரியும். கடைசி 'ர' உதுந்து போச்சு, ஆனா முழுசா ஷெலிலுவோன்னு எழுதுன பழைய வடிவமும் இருக்கு. பெறகு அதே எழுத்து கொரியா வழியாவும் கடல் வழியாவும் ஜப்பான் போச்சு, ஜப்பான்ல நேர்மாறு, அவங்க பாஷையில 'ல' கெடையாது, எல்லாம் 'ர'தான், அதனால லி திரும்பவும் ரி ஆயிடுச்சு. நடுவழியில காணாமப் போன ர கடைசி ஊர்ல தானாத் திரும்பி வந்துச்சுன்னு நெனைக்கறப்ப எனக்கு இன்னமும் சந்தோஷமாத்தான் இருக்கு.

ரெண்டாவது சிக்கல்தான் முக்கியம். எலும்புக்கு சீனத்துல நல்ல வார்த்தை இருக்கு, அத விட்டுட்டு எதுக்கு இந்தியச் சத்தத்த அப்புடியே வச்சுக்கிட்டாங்க? இதுக்கு அவங்களே பதில் எழுதி வச்சிருக்காங்க. 668ல தாவ்ஷின்னு ஒரு துறவி தொகுத்த பெரிய பௌத்தக் களஞ்சியத்துல சொல்றாரு, ஷெலிங்கறது மேற்குத் தேசத்து வார்த்தை, நம்ம பாஷையில எலும்புன்னு அர்த்தம், ஆனா சாதாரண செத்த மனுஷனோட எலும்போட கலந்துடக் கூடாதுன்னு பயந்து அந்தப் பேரையே வச்சிருக்கோம்னு. அதுக்கு அடுத்து மூணு வகையும் சொல்றாரு, எலும்பு ஷெலி வெள்ளை, முடி ஷெலி கறுப்பு, சதை ஷெலி செவப்பு. வெள்ளைங்கறத மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

அந்தப் பயம் வீண் இல்லன்னு 819ல தெரிஞ்சுச்சு. தாங் ராஜ்ஜியத்துல பேரரசர் ஷியென்சொங், ஃபாமென் கோயில்ல இருந்த புத்தரோட விரல் எலும்ப தலைநகரத்துக்கு ஊர்வலமா எடுத்துட்டு வரச் சொன்னாரு, ஜனங்க பைத்தியம் புடிச்ச மாதிரி ஓடி வந்து கும்புட்டாங்க. ஹான் யூன்னு ஒரு அதிகாரி, பெரிய எழுத்தாளர், ராஜாவுக்கே மனு எழுதினாரு. அவரு ஷெலின்னு மரியாதையா எழுதல, நேரா எலும்புன்னே எழுதினாரு, செத்துப்போன வெளிதேசத்தானோட மக்கிப்போன எலும்பு, இத அரண்மனைக்குள்ள விடலாமா, தண்ணியிலயும் நெருப்புலயும் போட்டுடுங்கன்னு. ராஜா தலைய வாங்கறேன்னு நின்னாரு, மத்தவங்க கெஞ்சி தெக்கே சாவ்ஜோவுக்கு நாடு கடத்துனதோட போச்சு. பேரு என்னன்னு வைக்கறதுலயே சண்டை இருந்துருக்கு பாத்தீங்களா. அந்த விரல் எலும்ப 874ல நெலவறையில வச்சு மூடுனாங்க, மேல இருந்த கோபுரம் 1981ல பாதி இடிஞ்சு விழுந்து, திரும்பக் கட்டறதுக்கு தோண்டறப்ப 1987ல அறை தெறந்து எல்லாம் அப்புடியே கெடச்சுச்சு.

சீனாக்காரங்க இன்னிக்கும் பெரிய துறவிய தகனம் பண்ணா சாம்பல்ல மணி மணியா கண்ணாடி மாதிரி ஏதாவது கெடக்குதான்னு தேடுவாங்க, அதுக்கு ஷெலிட்ஸுன்னு பேரு. எங்கூட வேலை பாத்த சீனப் பையன் இத அவ்ளோ பக்தியோட சொல்வான். இதுல ஒரு எடத்துல நெறைய பேரு தடுக்கி விழுவாங்க, அதையும் சொல்லிடறேன். பிரஜ்ஞாபாரமிதா ஹிருதய சூத்திரம்னு சின்னதா ஒண்ணு இருக்கு, சீனாவுலயும் ஜப்பான்லயும் கோயிலுக்குப் போறவங்க நெறைய பேருக்கு மனப்பாடம். அதுல ஷெலிட்ஸுன்னு வரும், ஜப்பான்ல ஷாரிஷி. அஸ்தி மணிக்குப் போடற அதே மூணு எழுத்து. ஆனா அங்க அது புத்தரோட சீடர் சாரிபுத்தரக் கூப்புடறது. 'சாரி'ங்கறது அவரோட அம்மா பேர்லேந்து வந்தது, சாரிகான்னா மைனா. மூணாவது எழுத்துக்கு மகன்னும் அர்த்தம் உண்டு, சும்மா பேரோட ஒட்டற விகுதியாவும் வரும். முன்னாடி சீனத்துல மொழிபெயர்த்த குமாரஜீவர்ங்கற துறவி இந்தப் பேர வேற மாதிரி, ஷெலிஃபுன்னு சத்தத்துக்கு எழுதியிருந்தாரு, சுவான்சாங் வந்து மகன்ங்கற எழுத்தப் போட்டு மாத்துனாரு. இந்த சுவான்சாங்தான் நம்ம ஸ்கூல் புக்ல யுவான் சுவாங்னு வந்து காஞ்சிபுரத்தப் பத்தி எழுதுனவரு. ஆக மைனாவும் சரீரமும் இங்க தனித்தனி வார்த்தை, சீன எழுத்துல ஒண்ணா நிக்கிது. சத்தமும் எழுத்தும் ஒத்துப் போறத மட்டும் பாத்து முடிவு கட்டுனா என்ன ஆகும்னு இதுவே சொல்லிடுதுல்ல.

இப்ப சோத்துக்கு வர்றேன். எலும்பு எப்படி சோறாச்சு? ஜப்பான் அகராதியெல்லாம் சொல்றது, அஸ்திச் சில்லு வெள்ளையா சின்னதா அரிசி மாதிரி இருக்கறதால அரிசிக்கு அந்தப் பேரு வந்துச்சுன்னு. இத நம்பறதுக்கு நல்ல காரணம் இருக்கு. அஸ்திய அவங்க எண்ணறப்ப எத்தன 'மணி'ன்னுதான் எண்ணுவாங்க, அதுக்குப் போடற சீன எழுத்துக்குள்ளயே அரிசிங்கற எழுத்து ஒக்காந்திருக்கு. நாம நெல்மணின்னு சொல்றோம், ரத்தினத்தையும் மணின்னு சொல்றோம், அவங்களுக்கும் அரிசியும் அஸ்தியும் ஒரே எண்ணுல அடங்குது. 754ல ஜப்பானோட அப்பத்திய தலைநகரம் நாராவுக்குப் போயிச் சேந்த சீனத் துறவி கன்ஜின், அஞ்சு தடவ கடல் பயணம் தோத்து கண்ணும் போயி ஆறாவது தடவ போய்ச் சேந்தவரு, அவரு கொண்டு போன ஷாரி 3000 மணின்னு கணக்கு இருக்கு. அரிசிய அளக்கற பேச்சு மாதிரியே இருக்குல்ல.

இன்னொரு விளக்கமும் உண்டு, இதத்தான் நம்ம டெல்டாக்காரங்க தெரிஞ்சுக்கணும்னு நான் ஆசைப்படறேன். ஷிங்கோன்னு ஜப்பான்ல ஒரு பௌத்த மார்க்கம், அத ஆரம்பிச்சவரு கூக்காய். அவரு பேரோட சேத்து வழங்கற ஹிசோகிங்கற பழைய குறிப்பு நூல்ல, இந்தியாவுல அரிசி மணிக்கு ஷாரின்னு பேரு, புத்தர் அஸ்தி அரிசி மணி மாதிரி இருக்கறதாலதான் அதுக்கும் ஷாரின்னு பேருன்னு எழுதியிருக்கு. அதாவது எலும்புலேந்து அரிசிக்குப் போகல, அரிசிலேந்து எலும்புக்குப் போச்சுன்னு தலகீழா சொல்றாங்க. சும்மா கட்டுன கதைன்னு தள்ள முடியாது, ஏன்னா சமஸ்கிருதத்துல நெல்லுக்கு 'சாலி'ன்னு பேரு, சீன வாயில லவும் ரவும் ஒண்ணுதான், அப்ப சாலியும் சரீரமும் அந்தப் பக்கம் போனா ஒரே சத்தத்துல வந்து நிக்கும். யாரோ ஒரு துறவிக்கு இந்தியாவுல சாலின்னா நெல்லுன்னு தெரிஞ்சிருக்கு, அத அஸ்தியோட சேத்துப் பாத்துட்டாரு.

சாலி நமக்குத் தெரியாத வார்த்தையா? பொருநராற்றுப்படை முடியற எடத்தப் பாருங்க, கரிகாலன் நாட்டச் சொல்றப்ப 'சாலி நெல்லின் சிறைகொள் வேலி ஆயிரம் விளையுட்டாகக் காவிரி புரக்கும் நாடு'ன்னு வருது. ஒரு வேலி நெலத்துல ஆயிரம் கலம் சாலி நெல்லு வெளையற காவேரி நாடு. வேலி, மா கணக்கு இன்னிக்கும் எங்க ஊர்ல பெருசுங்க வாயில இருக்கு. சங்கப் பாட்டுல காவேரிக் கரையில வெளஞ்ச அதே சாலிய, அந்தப் பேர ஒரு ஜப்பான் துறவிக் கூட்டம் புத்தரோட எலும்புக்கு வெளக்கம் சொல்ல எடுத்து வச்சிருக்காங்க. இதப் படிச்ச அன்னிக்கு நான் வயல்ல போயி சும்மா நின்னுட்டு வந்தேன்.

ஆனா ஒடனே யாரும் 'அப்ப ஷாரி சாலிதான், தமிழ்தான்'னு குதிச்சுடாதீங்க, அதுவும் தப்பு. சாலிங்கறது தமிழுக்கு மட்டும் சொந்தம் இல்ல, வடக்கயும் பாலியிலயும் இருக்கு. அதோட ஷாரின்னு எழுதற அந்த ரெண்டு எழுத்து அஸ்திக்குன்னு சீனாவுல பல நூறு வருஷமா புழங்குன பெறகுதான் இந்த நூலு வருது. ஹிசோகி சொல்றது ஒரு துறவி மரபோட விளக்கம், வார்த்தை பொறந்த கதை வேற. சரீரம்னு பொறந்து, ஷெலின்னு வளந்து, ஷாரின்னு வந்து, அரிசிமேல ஒக்காந்துச்சு, அவ்ளோதான் உறுதியா சொல்ல முடியும்.

'சோறு' ஏன் இல்லன்னு கேக்கறவங்களுக்கு இதுக்கு மேலயும் ஒண்ணு சொல்லணும். இங்கிலீஷ்ல ஒன், நாம ஒண்ணு, அவன் எய்ட், நாம எட்டு, ரெண்டும் காதுக்கு எவ்ளோ ஒத்துப் போகுது, ஆனா ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதுன்னு பாஷை படிச்ச யாரும் சொல்வாங்க. சுசுமு ஓனோன்னு ஜப்பான் அறிஞர், 2008ல காலமானாரு, தமிழுக்கும் ஜப்பான் பாஷைக்கும் ஒறவுன்னு வாழ்க்கையில பெரும்பகுதி உழைச்சாரு, நம்ம ஊரு மேல அவருக்கு இருந்த அன்புக்கு நான் தல வணங்கறேன், ஆனா பெரும்பாலான மொழியியல்காரங்க அவரு முடிவ ஏத்துக்கல. அவராவது சத்த மாத்தத்துக்கு ஒரு ஒழுங்கு வச்சு வார்த்தை வார்த்தையா பட்டியல் போட்டுத்தான் வாதாடுனாரு. பெட்டிச் செய்தியில அதுவும் இல்ல.

ஷாரி மட்டும் தனியா போகல. கணம்ங்கறதுக்கு மூலமான க்ஷணம் அங்க செட்சுனா, கண் சிமிட்டற நேரம். நரகம் நராகு, அவங்க கபுகி நாடக மேடைக்கு அடியில இருக்கற இருட்டுக் குழிக்கும் அதான் பேரு. தானம் தன்னா ஆயி, தானம் குடுக்கற புரவலரக் குறிச்சு, பெறகு மொதலாளியக் குறிச்சு, இப்ப பொண்டாட்டிங்க புருஷன 'தன்னா'ன்னு சொல்றாங்க. இதெல்லாம் ஒரே பாதையில போன வார்த்தைங்க, பாதைக்கு அத்தாட்சி இருக்கு. ஷாரியும் அரிசியோட நிக்கல. பொன்சாய் மரத்துல பட்டை உரிஞ்சு வெள்ளையா நிக்கிற செத்த தண்டுக்கு ஷாரின்னு பேரு. பட்டுப்புழு பூஞ்சை நோயில செத்து வெள்ளையா வெறச்சுப் போனா அதையும் ஒஷாரின்னு சொல்வாங்க. எல்லாத்துலயும் அந்த வெள்ளை எலும்பு தெரியுதுங்களா. சோறுலேந்து வந்திருந்தா பொன்சாய் மரத்துக்கு அந்தப் பேரு வர என்ன வேலை? ரெண்டாம் உலகப் போர் நேரத்துலயும் அதுக்குப் பின்னாடியும் அரிசிப் பஞ்சம், வாற்கோதுமையும் சக்கரவள்ளிக் கெழங்கும் கலந்து தின்னுட்டு இருந்தப்ப கலப்பில்லாத வெள்ளச் சோத்த கின்ஷாரின்னு சொன்னாங்க, வெள்ளி ஷாரின்னு அர்த்தம். பசியில கெடந்தவனுக்கு சுத்தமான சோறு புத்தரோட அஸ்தி மாதிரி புனிதமாத் தெரிஞ்சிருக்கு. அந்தப் பேர கிண்டலுக்கு வச்சதா எனக்குத் தோணல.

சாவையும் அரிசியையும் ஒரே வார்த்தையில வைக்கிறாங்களேன்னு சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்க சில பேரு மொகம் சுளிப்பாங்க. வாய்க்கரிசி போட்டு அனுப்பற ஊர்லேந்து போன நமக்கு அது புரியாதா? அவங்களும் தகனம் முடிஞ்சு சொந்தக்காரங்க ரெண்டு ரெண்டு பேரா நின்னு குச்சியால எலும்பு எடுத்து பானையில போடுவாங்க, அதனாலதான் சாப்புடறப்ப ஒருத்தர் குச்சிலேந்து இன்னொருத்தர் குச்சிக்கு சாப்பாட்ட மாத்தக் கூடாதுன்னு அவ்ளோ கண்டிப்பு.

கடைசியா நம்ம ஊருக்குப் பெருமை வேணும்னு நெனச்சுத்தான் அந்தப் பெட்டிய எழுதியிருப்பாங்க, அது எனக்குப் புரியுது. பெருமை உண்மையிலயே இருக்குங்க. கூக்காய் 804ல சீனாவுக்குப் போயி 806ல திரும்பி வந்து பேரரசருக்குக் குடுத்த பட்டியல்ல, புத்தரோட ஷாரி 80 மணி இருக்கு, அதுல ஒண்ணு பொன் நெறமாம். அது எப்படி வந்துச்சுன்னு அவரே எழுதறாரு, வஜ்ரபோதி ஆச்சாரியார் தென்னிந்தியாவுலேந்து கொண்டு வந்தாரு, அவரு தன் சீடர் அமோகவஜ்ரர் கையில குடுத்தாரு, அமோகவஜ்ரர் தன் குரு ஹுய்குவோ கையில, ஹுய்குவோ தன் கையிலன்னு. வஜ்ரபோதி தென்னாட்டுக்காரரு, பல்லவ நாட்டுல மழை வேண்டிப் பூசை பண்ணவருன்னு அவரு வரலாறு சொல்லுது, இலங்கை போயி கடல் வழியா 719 வாக்குல சீனாவோட காண்டன் துறைமுகத்துல எறங்குனாரு. அந்த 80 மணி கியோட்டோவுல தோஜி கோயிலுக்குப் போச்சு. அங்க அத அப்பப்ப எண்ணிப் பாப்பாங்களாம், கூடுனா நாட்டுக்கு நல்லது கொறஞ்சா கெட்டதுன்னு, அந்தக் கணக்குப் பதிவே நூத்துக்கணக்கான வருஷத்துக்கு இருக்கு. கூக்காய் எழுதுனது தென்னிந்தியான்னு மட்டும்தான், நான் அதுக்கு மேல டெல்டான்னு இழுத்துச் சொல்லல.

ஆனா நாகப்பட்டினத்தப் பத்தி இழுக்கவே வேணாம், பேரோடயே இருக்கு. 7ஆம் நூற்றாண்டுல யிஜிங்னு ஒரு சீனத் துறவி எழுதுன துறவிகள் வரலாறுல வூஷிங்னு இன்னொரு சீனத் துறவி, கடாரத்துலேந்து 30 நாள் கப்பல்ல வந்து நாகப்பட்டினத்துல எறங்கி, அங்கேந்து ரெண்டு நாள்ல இலங்கை போயி புத்தரோட பல்லத் தரிசனம் பண்ணாருன்னு இருக்கு. அஸ்தி கும்புடப் போன சீனன் நம்ம கரையில எறங்கிப் போயிருக்கான்ங்க. பெறகு 1006 வாக்குல ஸ்ரீவிஜய ராஜா கட்டுன சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தக் குடுத்தாரு, 97 வேலி நெலம், வருஷத்துக்கு 8,900 கலத்துக்கு மேல நெல்லு, ஹாலந்துக்குப் போன லெய்டன் செப்பேட்டுல எழுதியிருக்கு. 1267ல கட்டி முடிச்சதுன்னு சீன எழுத்து பொறிச்ச செங்கல் கோபுரம் நாகப்பட்டினத்துல இருந்ததா சீனப் பயணி வாங் தாயுவான் 1349ல எழுதியிருக்காரு. வெளிப்பாளையம் பக்கம் ரொம்ப நாள் நின்ன பழைய கோபுரத்த 1867ல இடிச்சுட்டாங்க. அங்க தோண்டுனப்ப கெடச்ச புத்தர் செலைங்க எழும்பூர் மியூசியத்துல இருக்கு. எங்க புள்ளைங்கள்ல எத்தன பேருக்கு இது தெரியும்? சோறு ஷாரியாச்சுன்னு மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

அதனால ரெண்டு விஷயம் கேக்கறேன்ங்க. ஒண்ணு, அந்தப் பெட்டிச் செய்திக்குத் திருத்தம் போடுங்க, மூலையில சின்ன எழுத்துல இல்லாம, வந்த அதே பக்கத்துல அதே கட்டம் அளவுக்கு, போட்டோ புடிச்சு குரூப்ல போடற மாதிரி. எங்க ஊரு குரூப்ல நானே போட்டு விடறேன். ரெண்டாவது, இணைப்புல ஒரு ஞாயித்துக்கெழம நாகப்பட்டினம் விகாரத்துக்கும் ஆனைமங்கலத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க, செப்பேடு படிக்கத் தெரிஞ்சவங்கள விட்டு எழுதச் சொல்லுங்க. சுஷி பக்கத்துல போட்ட அளவுக்கு பெரிய படம் போட்டா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்க வாசகர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.